ஆயிரத்தில் ஒருவரைப் பார்த்துப் படித்த டாக்டர்

1961-ல் கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் வேலை பார்த்த இருவரும், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கிடைத்த விவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். வயதுவந்த ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது ஓர் உபாதை வருகிறது. சளி, இடுப்புப் பிடிப்பு, வயிற்றுக் கோளாறு, எங்கேயாவது இடித்துக்கொண்டது, இப்படி. அவர்களில் 250 பேர்தான் டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்கள் 9 பேர். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதிக்கொடுத்து அனுப்புவது 5 பேரை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரை போய்ச் சேர்வது ஒரே ஒருவர்.

எம்பிபிஎஸ் மாணவர்கள் பெரும்பாலும் பாடம் கற்பது அந்த ஒருவரின் கட்டில் பக்கத்தில் நின்றுதான். டாக்டரிடம் போன மற்ற 249 பேருக்கு என்ன ஆனது, அவர்களுடைய நோய் எப்படித் தொடங்கியது என்பதையெல்லாம் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடலாம். நம் ஊர் ஜிஹெச்சில் சளிக்கும் இருமலுக்கும்கூடக் கூட்டம் அலைமோதுகிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான், வைட் சொன்ன எண்கள் இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் வார்டில் பேராசிரியர் நின்று விளக்குவது இருமலை அல்ல. இதய வால்வில் இருக்கும் அரிய கோளாறை. தேர்வில் வருவதும் அதுதான். அப்படிப் படித்து வந்த பிள்ளையை மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தால், முதல் நாள் காலையிலேயே வரிசையில் நிற்பது அந்த 249 பேர்.

டாக்டர் போகத் தயங்கும் இடங்களுக்கு டாக்டரை எப்படி உருவாக்குவது என்ற கேள்விக்குக் குடும்ப மருத்துவம் ஒரு பதில் வைத்திருக்கிறது. இத்தனை ஆண்டு அனுப்பும் ஊரில் வேலை பார்ப்பேன் என்று பாண்ட் எழுதி வாங்குவது, சம்பளத்தைக் கூட்டுவது எல்லாம் இருக்கட்டும். எந்த இடத்தில் வைத்து, யாரைப் பார்க்கவைத்துக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதுதான் முதல் விஷயம் என்கிறது அது. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

குடும்ப மருத்துவர் என்றால் யார்?

"வெறும் எம்பிபிஎஸ்ஸா?" என்று கேட்டுப் பழகிய ஊர் நம்முடையது. மேற்படிப்புக்கு இடம் கிடைக்காதவர்தான் பொது மருத்துவம் பார்ப்பார் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. குடும்ப மருத்துவம் அப்படி மிச்சம் மீதியில் வந்த வேலை அல்ல, தனியாகப் படித்துத் தேற வேண்டிய ஒரு துறை. அமெரிக்காவில் 1969-ல் அதைத் தனித் துறையாக ஏற்றுக்கொண்டார்கள். பிரிட்டனில் 1980-களின் தொடக்கத்திலிருந்து, அதற்கென்று மூன்று ஆண்டு பயிற்சி முடிக்காதவர் அரசின் குடும்ப மருத்துவராகச் சேர முடியாது. இந்தியாவில் எம்பிபிஎஸ்ஸுக்குப் பிறகு தேசியத் தேர்வு வாரியம் பட்டம் தரும் மூன்று ஆண்டு டிஎன்பி படிப்பு இருக்கிறது. சில கல்லூரிகளில் எம்டியும் உண்டு.

பலர் இதைச் சமுதாய மருத்துவத்தோடு குழப்பிக்கொள்வார்கள். சமுதாய மருத்துவம் ஊரைப் பார்க்கிறது: தண்ணீர், தடுப்பூசி, கொசு, எந்தத் தெருவில் எத்தனை பேருக்குக் காசநோய். குடும்ப மருத்துவம் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்க்கிறது. இல்லாதவர்களுக்கு வேலை பார்க்கப் போகிறவருக்கு இரண்டும் வேண்டும்.

பார்பரா ஸ்டார்ஃபீல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வேலையின் அடையாளங்களாக நான்கைச் சொன்னார். எந்தத் தொந்தரவு என்றாலும் ஆள் முதலில் வந்து நிற்கும் இடம் அதுவாக இருக்க வேண்டும். குழந்தை, கர்ப்பிணி, கிழவர் என்றோ, தோல், நெஞ்சு, மனசு என்றோ பிரிக்காமல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வருஷக்கணக்காக அதே டாக்டர் பார்க்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும், அங்கே என்ன நடந்தது, திரும்பி வந்தபின் எந்த மாத்திரை நின்றது, எது சேர்ந்தது என்ற கணக்கு இவர் கையில் இருக்க வேண்டும். படிக்கும்போது எல்லாம் சாதாரணமாகத்தான் தெரியும். ஒரு காய்ச்சலை வைத்துப் பார்த்தால் இதிலுள்ள கஷ்டம் புரியும்.

முதல் நாள் காய்ச்சல்

ஐப்பசி மாதம். பள்ளிக்கூடப் பையன் ஒருவனை அம்மா கூட்டி வருகிறார். நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல், உடம்பு வலி. டெங்குவா, டைபாய்டா, சும்மா வந்து போகும் வைரஸ் காய்ச்சலா? முதல் நாளில் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். மருத்துவக் கல்லூரியில் மாணவர் பார்த்த டெங்கு, ஐந்தாவது நாளில் தட்டணுக்கள் குறைந்து, வயிறு உப்பி வந்து சேர்ந்த டெங்கு. அதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். எதுவுமே காட்டாத முதல் நாளில் என்ன செய்வது என்று அங்கே அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பழக்கமில்லாதவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். பயந்துபோய் எல்லா ரத்தப் பரிசோதனையும் எழுதுவார், அல்லது ஊசி ஒன்று போட்டு, ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிவிடுவார். முன்னது அந்த வீட்டின் இரண்டு மூன்று நாள் கூலியைக் கரைத்துவிடும். பின்னதால் பையனுக்குப் பலன் எதுவும் இல்லை.

பயிற்சி பெற்றவர் நேரத்தையே ஒரு பரிசோதனையாக எடுத்துக்கொள்வார். பையனை முழுசாகப் பார்த்துவிட்டு, பாரசிட்டமால் கொடுத்து, தண்ணீர், கஞ்சி, இளநீர் என்று சொல்லி, நாளை மறுநாள் கட்டாயம் வரச் சொல்வார். அதோடு நிறுத்தமாட்டார். "வயிறு ரொம்ப வலிச்சா, வாந்தி நிக்கவே இல்லன்னா, ஈறுல ரத்தம் வந்தா, பிள்ளை துவண்டு போயிட்டா, நாளன்னிக்கு வரைக்கும் காத்திருக்காதீங்கம்மா, உடனே தூக்கிட்டு வந்துடுங்க" என்பார். இன்னொன்றையும் சொல்வார்: டெங்குவில் ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில். 'காய்ச்சல் விட்டுடுச்சு' என்று பெற்றோர் நிம்மதியாகும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாக அந்த அம்மாவிடமே, எப்போது ஓடி வர வேண்டும் என்று திருப்பிச் சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டார் என்றால் புரிந்துவிட்டது.

இதில் கருவி ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த இரண்டு நாள் இடைவெளியை நம்பி விடுவதற்குத் தைரியம் வேண்டும். நூற்றுக்கணக்கான முதல் நாள் காய்ச்சல்களைத் தானே பார்த்து, அதே பிள்ளைகளை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பார்த்தவருக்குத்தான் அந்தத் தைரியம் வரும். பெரிய ஆஸ்பத்திரி ஓபியில் இன்று பார்த்த ஆளை நாளை இன்னொரு டாக்டர் பார்ப்பார். அங்கே இதைக் கற்க வழியில்லை.

வேலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி

வேல்ஸில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் காலமெல்லாம் மருத்துவம் பார்த்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். 1971-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ, அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்றார். மருத்துவம் எந்த அளவுக்குச் சந்தைச் சரக்காகிறதோ, அந்த அளவுக்கு இது முற்றும் என்றும் சொன்னார்.

இதைப் பார்க்க மலை ஏற வேண்டியதில்லை. வேலூர் சிஎம்சிக்கு நாடு முழுவதிலிருந்தும் ரயிலேறி நோயாளிகள் வருகிறார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கும் குடிசைப் பகுதி மக்களுக்கு, அதன் வாசற்படி எட்டாத உயரத்தில் இருந்தது. இதை உணர்ந்து சிஎம்சியே 1982-ல் வேலூர் நகரத்துக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியைத் தொடங்கியது. குறைந்த செலவில் பலன் தரும் சிகிச்சை என்பதையே பெயராக வைத்த பிரிவு அது. குடும்ப மருத்துவர்கள் நடத்துகிறார்கள். பிரசவமும் பார்ப்பார்கள், வார்டும் உண்டு, குடிசைப் பகுதிகளுக்குப் போய் கிளினிக்கும் நடத்துவார்கள். மாணவர்களுக்கு அதுதான் வகுப்பறை. இதற்கு முன்பே, 1977-ல், கே.வி.குப்பம் வட்டாரத்தில் கிராமங்களுக்கென்று ரூஹ்சா என்ற மையத்தைத் தொடங்கியிருந்தார்கள். முதலாமாண்டு எம்பிபிஎஸ் மாணவர்களைச் சில வாரங்கள் கிராமத்தில் தங்கவைத்து வீடு வீடாக அனுப்பும் வழக்கமும் அங்கே நெடுநாளாக இருக்கிறது.

அப்படி ஓர் இடத்தில் என்ன கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு நானே ஓர் உதாரணம் வைக்கிறேன். வேலூர், குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருவர், நாற்பத்தைந்து வயது, முதுகுவலி என்று வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, குனிந்து, இலையில் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருந்தால் முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? சீட்டைப் புரட்டினால் அவருக்குச் சுகரும் இருக்கிறது. பயிற்சி டாக்டர் கேட்கிறார்: "மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?" "போடறேன் டாக்டரம்மா." இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரும் வேறு பதில் சொன்னதில்லை. சுகரோ 300-க்கு மேல்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்த டாக்டர் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்கிறார். "வேலை மும்முரத்துல மாத்திரை விட்டுப்போறது எல்லாருக்கும் நடக்குறதுதான். போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" இப்போது பதில் வருகிறது. பத்து நாளாகவே போடவில்லை. போட்டால் படபடவென்று வருகிறது, கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. மாத்திரை தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்துவிட்டார். "காலையில என்ன சாப்பிடுவீங்க?" "டீதான். பீடிக் கணக்கு முடிச்சிட்டு, சாப்பிட பதினோரு மணி ஆவும்."

இங்கேதான் விடை இருக்கிறது. கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். அவருக்கு வந்தது ஒவ்வாமை இல்லை, தாழ்சர்க்கரை. மாத்திரையை நிறுத்தியது அவரைப் பொறுத்தவரை புத்திசாலித்தனமான முடிவு. அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்திருந்தால், நல்ல பிள்ளையாக அதைப் போட்டுவிட்டு ஒருநாள் மயங்கி விழுந்திருப்பார். தனியாகப் போட்டால் அப்படி இறக்கும் வாய்ப்பு மிகக் குறைவான, விலையும் மலிவான மெட்ஃபார்மினுக்கு மாற்றலாம், சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம். நாளை இன்சுலின் தேவைப்பட்டாலும், ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரம் படாமல் கவரில் கட்டி மண்பானைக்குள் வைக்கச் சொல்லித் தரலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தால் பஸ் காசு, ஒருநாள் கூலி, பாதி நாள் வரிசை, கடைசியில் அங்கேயும் "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்ற கேள்வி. மருந்தியல் பாடம் எல்லா மாணவருக்கும் தெரியும். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்கத் தோன்றுவது, கேட்கும் டாக்டரின் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவருக்குத்தான்.

அதே சிஎம்சி 2006-ல் தொலைநிலைக் கல்வியில் இரண்டு ஆண்டு குடும்ப மருத்துவ டிப்ளமோ ஒன்றைத் தொடங்கியது. ஏற்கெனவே ஊரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர், கடையை மூடிவிட்டு மூன்று வருஷம் படிக்கப் போக முடியாது. அவர் அங்கிருந்தபடியே படித்து, அவ்வப்போது நேரில் வந்து பயிற்சி பெறுவார். தேவையில்லாமல் அனுப்புவதைக் குறை, உன்னிடமே முடித்துவைப்பதைக் கூட்டு என்பதுதான் அதன் கொள்கை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. டாக்டரைப் பிடித்து ஊருக்கு அனுப்புவது பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். ஏற்கெனவே ஊரில் இருப்பவரைத் தேற்றுவது பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

பாண்டா, இடமா?

கட்டாயப்படுத்தியும் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒழுங்காக நடந்த ஒன்று ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம், 1972-ல் தொடங்கியது. ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் இரண்டு மூன்று பேரை எடுப்பார்கள். படிப்பு ஆறு ஆண்டு. முடித்தபின் சொந்த மாகாணத்தில், அது அனுப்பும் இடங்களில், ஒன்பது ஆண்டு வேலை பார்த்தால் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. பாண்ட்தான், ஆனால் வெறும் பாண்ட் இல்லை. ஆள் எடுப்பதே ஊர் பார்த்துத்தான், பாடமும் தீவிலும் மலையிலும் தனியாகச் சமாளிக்கும் டாக்டருக்காகவே எழுதப்பட்டது. காலம் முடிந்த பிறகும் பலர் அதே மாகாணத்தில் தங்கிவிடுகிறார்கள்.

கனடா இன்னொரு வழியில் போனது. ஒன்டாரியோ மாகாணத்தின் வடபகுதி பரப்பில் பெரியது. ஊர்கள் சிறியவை, தூரம் தூரமாக இருப்பவை. தெற்கே டொரொன்டோவில் படித்தவர்கள் அங்கே போவதாக இல்லை. அதனால் 2005-ல் வடக்கிலேயே, தண்டர் பே, சட்பரி என்ற இரண்டு நகரங்களில், ஒரு மருத்துவக் கல்லூரியைத் திறந்தார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதிக்காரர்கள். முதலாண்டிலேயே நான்கு வாரம் பூர்வகுடி மக்களின் ஊரில் தங்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் எட்டு மாதம் ஒரு சின்ன ஊரில் குடியிருந்து, குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் படிக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு ஆறு வாரம், குழந்தை மருத்துவத்துக்கு ஆறு வாரம் என்று துறை துறையாகச் சுற்றும் வழக்கம் அந்த எட்டு மாதத்தில் கிடையாது. வயிற்றில் பிள்ளையோடு வந்த பெண்ணை முதலில் பார்த்தவர், அவருடைய பிரசவத்திலும் நிற்பார், பிறகு அந்தக் குழந்தையின் தடுப்பூசிக்கும் இருப்பார். அங்கேயே மேற்பயிற்சியும் முடித்த குடும்ப மருத்துவர்களில் மிகப் பெரும்பாலோர் வடக்கிலேயே இருக்கிறார்கள். பற்றாக்குறை தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது; இன்னும் ஆள் போதவில்லை. ஆனால் வெளியிலிருந்து டாக்டரை வரவழைத்துப் பிடித்துவைக்கும் பழைய வழியை மட்டும் அவர்கள் இப்போது நம்பியிருக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வெளியிட்டு 2021-ல் புதுப்பித்த வழிகாட்டியிலும் இதே திசைதான்: கிராமத்துப் பிள்ளைகளைச் சேருங்கள், நகரத்துக்கு வெளியே கல்லூரி வையுங்கள், படிக்கும்போதே கிராமத்தில் பயிற்சி கொடுங்கள்.

வந்த இடம் டாக்டரை மாற்றிவிடுவதும் உண்டு. 1993-ல் தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் ஒரு கூரைக் கொட்டகையில் மருத்துவம் தொடங்கிய ரெஜி ஜார்ஜ் மயக்க மருந்து நிபுணர், அவருடைய மனைவி லலிதா மகப்பேறு மருத்துவர். பாம்புக்கடியும் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் வாசலில் வந்து நின்றபோது, என் துறை இல்லை என்று சொல்ல அங்கே வேறு ஆள் இல்லை. மலையாளி என்று அழைக்கப்படும் உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து அந்தப் பணியைக் கட்டினார்கள். எல்லாருக்கும் இந்த மனது வராது, வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. சாதாரண ஆசைகள் உள்ள சாதாரண டாக்டரும் பார்க்கக்கூடிய வேலையாக இதை ஆக்க வேண்டும். பயிற்சி தேவைப்படுவது அதற்குத்தான்.

தமிழ்நாட்டில் எந்த அளவில் இருக்கிறோம்

நம்மிடம் ஒரு நல்ல ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. மாநில அரசின் முதுநிலை மருத்துவ இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. மலைப்பகுதி, தொலைதூரப் பகுதிகளில் வேலை பார்த்தால் கூடுதல் மதிப்பெண். இடையில் வழக்கு, குழப்பம் எல்லாம் வந்து, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு, இப்படி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்த இடங்களுக்காகவே இளம் டாக்டர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தார்கள். அதன் பலனை மறுக்க முடியாது.

ஆனால் இதில் ஓர் உள்முரண் இருக்கிறது. மூன்று வருஷம் ஊரில் இருந்ததற்குப் பரிசு, அந்த ஊரை விட்டுப் போவது. எலும்பு, இதயம், கதிரியக்கம் என்று படித்தவர் திரும்பவும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர முடியாது, அங்கே அவருக்கு வேலையும் இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு நிபுணர் கிடைக்கிறார், நல்லது. பிஹெச்சிக்கு மறுபடியும் ஒரு புதுமுகம் வருகிறார். சுகர்காரர்கள் மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் கணிசமான இடங்கள் குடும்ப மருத்துவத்துக்கு இருந்து, படித்தவர் அதே வட்டாரத்துக்குத் தகுந்த சம்பளத்தோடும் பதவியோடும் திரும்பினால் கணக்கு வேறு மாதிரி ஆகும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. நடக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. மாத்திரை வீடு தேடி வந்துவிட்டது. பீடி சுற்றும் அந்த அம்மாவுக்கு எந்த மாத்திரை, எந்த நேரத்துக்கு என்று முடிவெடுக்கும் டாக்டர் வருஷாவருஷம் மாறாமல் இருந்தால்தான் அது முழுசாகப் பலிக்கும். 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிகளுக்குள் நுழைந்திருக்கிறார்கள். சமூக நீதிக்காக வந்த சட்டம் அது, டாக்டர் பற்றாக்குறைக்காக வந்ததல்ல. இருந்தாலும் அவர்களில் பலர் எந்த ஊர்களிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், கனடாக்காரர்கள் தேடித் தேடிச் சேர்ப்பது இவர்களைப் போன்றவர்களைத்தான். நம் பிள்ளைகளுக்கும் பாடம் அந்த ஆயிரத்தில் ஒருவரை வைத்துத்தான் நடக்கிறது என்பது வேறு விஷயம்.

எம்பிபிஎஸ் முடித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: டிஎன்பி குடும்ப மருத்துவத்துக்கு நீட் பிஜி மூலம்தான் சேர்க்கை, தேசியத் தேர்வு வாரியத்தின் இரண்டு ஆண்டு டிப்ளமோவும் உண்டு. எந்த ஆஸ்பத்திரியில் சேர்வது என்று முடிவெடுக்கும் முன், அங்கே படிக்கிறவர்களிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். வாரத்தில் எத்தனை நாள் ஓபியில் சொந்தமாக நோயாளிகளைப் பார்க்கவிடுகிறார்கள்? போன மாதம் பார்த்தவர் இந்த மாதம் வந்தால் உங்களிடமே அனுப்புவார்களா? குடும்ப மருத்துவம் படித்த ஆசிரியர் யாராவது இருக்கிறாரா, இல்லை துறை துறையாக வார்டு வேலைக்கு ஆள் போதாமல் உங்களைச் சேர்க்கிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் அவர்கள் சிரித்தால், வேறு ஆஸ்பத்திரி பாருங்கள்.